வாய்தா கொடுக்காதவர்

நீதிமன்ற வளாகத்தில் பெஞ்சு கிளார்க்குக்குப் பட்டப்பெயர் கணீர். நீதிபதி மேடைக்குக் கீழே நின்று வழக்கு எண்ணையும் கட்சிக்காரர் பெயரையும் அவர் கூப்பிட்டால், வராந்தாவில் கண்ணயர்ந்தவர்கூட நம் பெயரோ என்று துள்ளி எழுந்து சட்டையைச் சரி செய்துகொள்வார். அதே மனிதர் வீட்டில் ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டால், மனைவி "என்ன?" என்று இரண்டு தடவை கேட்க வேண்டியிருக்கும். முப்பத்தொரு வருஷமாக அடுத்தவர் பெயரைக் கூப்பிட்டே பழகிய தொண்டை. சொந்த வார்த்தை என்று வந்தால் அதற்கு வேலை ஓடாது. கடைக்காரன் தலையில் கட்டிய அழுகல் தக்காளியைத் திருப்பிக் கொடுக்கக்கூட மனைவியைத்தான் அனுப்புவார். இது தெருவுக்கே தெரிந்த விஷயம்.

தெருவுக்குத் தெரியாத ஒரு விஷயம் அந்தப் புதன்கிழமை காலையில் அவர் வயிற்றுக்குள் கல் மாதிரி கிடந்தது.

பழைய ஐயா ஞாயிற்றுக்கிழமை போய்ச் சேர்ந்திருந்தார். வயது எழுபத்தெட்டு. பல ஊர் சுற்றிவிட்டுக் கடைசிப் பதினோரு வருஷம் இங்கே நீதிபதியாக இருந்து ஓய்வு பெற்றவர். கணீருக்கு அப்போது இளவயசு. அந்தப் பதினோரு வருஷமும் அவருக்குக் கீழேதான் வேலை. வக்கீல்களுக்கு அவர் நேரில் 'மாண்புமிகு', முதுகுக்குப் பின்னால் 'கடிகாரம்'. காரணம், அவர் வாய்தா கொடுக்கமாட்டார். மற்ற கோர்ட்டில் வயிற்றுவலி என்றால் ஒரு மாதம், தலைவலி என்றால் இரண்டு மாதம் என்று வழக்கைத் தள்ளிப் போடலாம். இவரிடம் வயிற்றுவலி என்றால், "உட்கார்ந்துகிட்டே வாதாடுங்க" என்பார்.

கறாரான ஆள் என்பதற்காக நல்லது செய்யாதவர் என்று சொல்லிவிட முடியாது. மறுநாள் வழக்குப் பட்டியலை முந்தின நாள் சாயங்காலம் ஐந்து மணிக்கே தெருவைப் பார்த்த வெளி கேட்டில் ஒட்டும் வழக்கம் அவர் கொண்டுவந்ததுதான். கூலி வேலைக்குப் போகிறவர்கள் ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு வந்து, "இன்னிக்கு உன் கேஸ் இல்லை, போ" என்று கேட்டுத் திரும்பக்கூடாது என்பார். ஓய்வு பெற்ற பிறகு பதினெட்டு வருஷம், சனிக்கிழமை தோறும் நூலகத்தின் மூலை மேசையில் உட்கார்ந்து, யார் என்ன காகிதத்தைக் கொண்டுவந்தாலும் படித்து விளக்கம் சொன்னார். "கையெழுத்துப் போட்டுட்டு என்கிட்ட வராதீங்க, போடுறதுக்கு முன்னாடி வாங்க" என்பதுதான் அவர் அடிக்கடி விட்ட திட்டு. விளக்கம் இலவசம், திட்டும் இலவசம். நூலகத்துக்குப் புத்தகம் படிக்கப் போனவர்களைவிடத் திட்டு வாங்கப் போனவர்கள் அதிகம்.

அவரும் தவறு செய்தார். ஒருமுறை மழை நாளில், வரவில்லை என்று ஒரு பெண்ணின் வழக்கைத் தள்ளுபடி செய்தார். பத்து நிமிஷம் கழித்து அவள் தொப்பலாக நனைந்து வந்து நின்றாள். பாலத்தில் வண்டி நின்றுவிட்டதாம். ஐயா அன்று முழுக்க யார் முகத்தையும் பார்க்கவில்லை. சாயங்காலம் கணீரைக் கூப்பிட்டு, "நாளையிலேருந்து எந்தப் பேரையும் மூணு தடவை கூப்பிடு. நடுவுல இடைவெளி விட்டுக் கூப்பிடு. மூணாவதுக்கும் வரலைன்னாத்தான் வரலை" என்றார். அந்தப் பெண்ணின் வழக்கையும் மறுபடி எடுத்தார். மூன்று தடவை கூப்பிடுவது இன்றைக்கும் இந்தக் கோர்ட்டின் வழக்கம். ஏன் என்று கேட்டால் புதிதாக வந்தவர்கள் யாருக்கும் தெரியாது.

இப்போது அந்தக் கல். இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒரு ஞாயிறு மத்தியானம் கணீர் ஐயாவைப் பார்க்கப் போயிருந்தார். ஐயாவின் மனைவி மருந்துக் கடைக்குப் போயிருந்தார். அறையில் இவர்கள் இரண்டே பேர். ஜன்னலோர நாற்காலியில் ஐயா பாதியாகக் கரைந்து உட்கார்ந்திருந்தார். குரல் மட்டும் பழைய குரல்.

"என்னய்யா, நாளைக்கு லிஸ்ட்ல எத்தனை?"

"இருபத்தாறுங்க ஐயா."

"அதுல விசாரணைக்குத் தேறுறது?"

"நாலு தேறுங்க."

"நாலு" என்றார் ஐயா. "நான் போனதும் அந்த நாலையும் தூக்கிப் போட்டுட்டு எனக்கு மாலை போடுவாங்க. நீ விடாதே. ரெண்டு நிமிஷம் நிக்கட்டும், போதும். அப்புறம் முதல் கேஸைக் கூப்பிடு."

"சரிங்க ஐயா."

பதினோரு வருஷம் சொன்ன அதே 'சரிங்க ஐயா'. ஜன்னலைச் சாத்து என்றாலும் சொன்னது, கேஸ் கட்டை அவிழ் என்றாலும் சொன்னது. இதற்கும் வாய் தன்பாட்டுக்குச் சொல்லிவிட்டது. வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதுதான் எதற்குச் சரி சொல்லித் தொலைத்தோம் என்று அவருக்கு உறைத்தது.

ஏனென்றால் நீதிமன்றத்தில் ஒரு நீதிபதி இறந்தால் நடப்பதற்கு ஒரு முறை உண்டு. எல்லோரும் பெரிய ஹாலில் கூடுவார்கள். வக்கீல் சங்கத் தலைவர் புகழ்வார், நீதிபதி பதிலுக்கு நாலு வார்த்தை சொல்வார், எழுந்து இரண்டு நிமிஷம் நிற்பார்கள். பிறகு மரியாதைக்காக அன்றைய வேலையை நிறுத்திவிட்டு வீட்டுக்குப் போவார்கள். மரியாதை கொஞ்சம் தாராளமாகவே இருக்கும். மத்தியானக் காட்சிக்குச் சினிமா டிக்கெட் எடுத்து வைத்திருப்பவர்களும் உண்டு. இதற்கு நடுவே, மேடையில் யாரும் கேட்காமல் ஒரு பெஞ்சு கிளார்க் வாயைத் திறப்பது என்பது கேள்விப்படாத சங்கதி. அதிலும் ஓய்வு பெற ஐந்து மாதமே இருக்கும் பெஞ்சு கிளார்க்.

ஆகவே கணீர் தனக்குத் தெரிந்த வழியில் தப்பித்துக்கொண்டார். செவ்வாய் மாலை ஐந்து மணிக்கு வழக்கம்போலப் பட்டியலைக் கேட்டில் ஒட்டினார். ஆறு மணிக்குச் சங்கம் தீர்மானம் போட்டது. பட்டியலின் மேலேயே 'நாளை அலுவல் இல்லை' என்ற அறிவிப்பையும் அவரே ஒட்டினார். கையோடு கோர்ட் டைரியை எடுத்து, புதன்கிழமைப் பக்கத்தில் மையால் அழகாக எழுதியும் வைத்துவிட்டார்: 'மறைந்த முன்னாள் நீதிபதிக்கு இரங்கல். அலுவல் நடைபெறவில்லை. அனைத்து வழக்குகளும் ஒத்திவைக்கப்பட்டன.' எழுதிவிட்டால் முடிந்தது. முப்பத்தொரு வருஷத்து டைரிகளில் அவர் கையால் ஒரு அடித்தல் திருத்தல் கிடையாது. அது அவருடைய பெருமை. எழுதியதை அடிக்க முடியாது, அதனால் பேசவும் முடியாது என்று தனக்குத் தானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டு தூங்கப் போனார். தூக்கம் வரவில்லை என்று மனைவி மறுநாள் குழாயடியில் சொன்னார்.

புதன் காலை பத்து மணிக்கு ஹால் வாசலிலேயே சலவைக்கடைக்காரம்மா அவரைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணே, இன்னிக்குக் கோர்ட் இல்லையாமே! அஞ்சு மணிக்கு லிஸ்ட் பார்த்தேன், முதல் கேஸ் என்னோடதுன்னு போட்டிருந்தீங்க. அதை நம்பித்தானே இவரை வண்டி வச்சுக் கூட்டிட்டு வந்தேன்?"

'இவர்' என்பது அவளுக்குப் பின்னால் பெஞ்சில் சுவரோடு சாய்ந்திருந்த கம்பவுண்டர். எண்பத்தேழு வயது. ஒரு வாக்கியத்துக்கு மூன்று மூச்சு வேண்டும்.

அவள் வழக்கு ஊர் அறிந்தது. அவள் மாமியார், கடையும் பின்னால் இரண்டு அறையும் உள்ள வீட்டைத் தன் இளைய மகனுக்கு எழுதாமல், இறந்துபோன மூத்த மகனின் மனைவியான இவளுக்கு உயில் எழுதிவிட்டுப் போனார். மாமியாராவது மருமகளுக்கு எழுதுவதாவது, இதுவே மோசடிக்கு ஆதாரம் என்று கொழுந்தன் வழக்காடுகிறான். உயில் நிற்க வேண்டுமானால் அதில் சாட்சிக் கையெழுத்துப் போட்டவர் கோர்ட்டில் வந்து சொல்ல வேண்டும். போட்டவர்கள் இரண்டு பேர். ஒருவர் இறந்தாயிற்று. மற்றவர், மாமியாருக்கு ஊசி போட வந்துகொண்டிருந்த இந்தக் கம்பவுண்டர். முதல் தடவை வந்தபோது வக்கீல்கள் வேலைநிறுத்தம். அடுத்து மின்சாரம் இல்லை. அதற்கடுத்து நீதிபதி மாற்றல். அவர் வீட்டுக்கே போய்ச் சாட்சியம் பதியலாம் என்று ஒரு மனு. எதிர்த்தரப்பு ஆட்சேபித்து, அந்த மனுவுக்கே இரண்டு வாய்தா.

"நாலாவது... தடவை" என்றார் கம்பவுண்டர். "அஞ்சாவதுக்கு... நான் வரமாட்டேன். போட்டோதான்... வரும்."

"பெரியவரே, அப்படிச் சொல்லாதீங்க" என்றாள் அவள், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"யாரு... செத்தது?"

"பழைய ஐயாங்க" என்றார் கணீர்.

"என்ன வயசு?"

"எழுபத்தெட்டு."

"சின்ன வயசு" என்று கம்பவுண்டர் உச்சுக் கொட்டினார்.

"உங்க மகள் எப்பங்க வர்றாங்க?" என்று கணீர் தயங்கிக் கேட்டார். கம்பவுண்டரை மகள் வெகுதூரத்தில் இருக்கும் தன் வீட்டுக்கு அழைத்துப் போகப் போவதாக அவரும் கேள்விப்பட்டிருந்தார்.

"வெள்ளிக்கிழமை" என்றாள் சலவைக்கடைக்காரம்மா. "அதுக்கப்புறம் அவரு எங்க, நான் எங்க? அண்ணே, நீங்க அம்மாகிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

அம்மா என்றால் இப்போதைய நீதிபதி. வந்து நாலு மாதம்தான் ஆகிறது. கணீர் ஏதோ சொன்னார். என்ன சொன்னார் என்பது அவளுக்கும் கேட்கவில்லை, அவருக்கும் கேட்கவில்லை.

பத்தரைக்கு ஹால் நிறைந்தது. முன்வரிசையில் ஐயாவின் மனைவி, மடியில் கைப்பையோடு, நேராக உட்கார்ந்திருந்தார். அழுவார் என்று எதிர்பார்த்து இரண்டு பேர் கைக்குட்டையோடு பக்கத்தில் இடம் பிடித்திருந்தார்கள். அவர் அழுகிற வழியாக இல்லை. கடைசி பெஞ்சில் சலவைக்கடைக்காரம்மாவும் கம்பவுண்டரும். மத்தியானம் வரை வண்டி வராது. வேறு எங்கே போவார்கள்?

சங்கத் தலைவருக்கு மைக் என்று பெயர். ஒலிபெருக்கி இருக்கிற இடத்தில் இவர் இருப்பார், இல்லாத இடத்தில் இவரே ஒலிபெருக்கி. பதினாலு பக்கம் எழுதிக்கொண்டு வந்திருந்தார். அவர்தான் சலவைக்கடைக்காரம்மாவின் கொழுந்தனுக்கு வக்கீல் என்பதற்கும், முதல் வழக்கு இன்று நின்றுபோவதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. இருக்கிறது என்று சொன்னவர்கள் பொறாமைக்காரர்கள்.

"அப்போ நான் ஜூனியர்" என்று ஒன்பதாவது பக்கத்தில் பேப்பரை விட்டுவிட்டுச் சொந்தக் கதைக்கு வந்தார் மைக். "மறுநாள் எனக்குக் கல்யாணம். வாய்தா கேட்டேன். ஐயா நிமிர்ந்துகூடப் பார்க்கல. 'கல்யாணம் நாளைக்குத்தானே? இன்னிக்கு வாதாடுங்க'ன்னாரு. வாதாடினேன். கேஸும் தோத்தேன்!"

ஹால் சிரித்தது. மைக்குக்கே குரல் கம்மியது, அது நடிப்பில்லை. "ஜெயிச்சவன் தீர்ப்பைப் படிக்கமாட்டான், தோத்தவன்தான் வரி வரியாப் படிப்பான், அதனால தீர்ப்பை அவனுக்காக எழுதணும்னு சொல்வாரு. அந்தத் தீர்ப்பை நான் இன்னும் வச்சிருக்கேன். தோத்தது ஏன்னு எனக்கு இன்னிக்கும் தெளிவாத் தெரியும். அப்படிப்பட்டவருக்குச் செய்யும் மரியாதையாக, இன்றைய அலுவல்களை நிறுத்தி வைக்குமாறு நீதிமன்றத்தைக் கேட்டுக்கொள்கிறேன்."

வாய்தா கொடுக்காதவருக்கு ஊரே சேர்ந்து ஒரு வாய்தா கொடுக்கிறது. இது அங்கே யாருக்கும் வேடிக்கையாகத் தெரியவில்லை, ஒருவரைத் தவிர. அவருக்கும் சிரிப்பு வரவில்லை.

நீதிபதி சுருக்கமாகப் பேசினார். தான் அவரைப் பார்த்ததில்லை, ஆனால் இந்தக் கட்டடத்தில் எந்த நல்ல பழக்கத்தைப் பற்றிக் கேட்டாலும் அவர் பெயரைச் சொல்கிறார்கள் என்றார். எல்லோரும் எழுந்து நின்றார்கள்.

இரண்டு நிமிஷத்தைச் சுவர்க் கடிகாரத்தில் பார்த்து, "அமரலாம்" என்று சொல்வது கணீரின் பொறுப்பு. ஹால் அடங்கியது. விசிறியை நிறுத்தியிருந்தார்கள். அந்த அமைதியில் கடைசி பெஞ்சிலிருந்து ஒரே ஒரு சத்தம் வந்துகொண்டிருந்தது. இழுத்து, நின்று, யோசித்து, மறுபடி இழுக்கும் ஒரு மூச்சு. ஒவ்வொரு மூச்சு நின்றபோதும் கணீரின் மூச்சும் கூடவே நின்றது. அடுத்தது வந்த பிறகுதான் அவருக்கும் வந்தது. முள் இரண்டாவது சுற்றை முடித்தது.

அவர் வாயைத் திறந்தார்.

"அசல் வழக்கு எண் நூற்றுப் பதினேழு!"

வாதி பெயர், பிரதிவாதி பெயர், எல்லாம் சுத்தமாக, கணீரென்று, வராந்தா வரைக்கும் போனது.

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். "பாவம், பழக்கதோஷம்" என்றார் மைக், பெருந்தன்மையாக. நீதிபதிகூட லேசாகப் புன்னகைத்து, "பரவாயில்லை, உட்காருங்க" என்றார். தப்பிக்க இதைவிட நல்ல கதவு கிடைக்காது. மன்னிக்கணும் என்று ஒரு வார்த்தை முனகிவிட்டுப் போயிருக்கலாம்.

"அசல் வழக்கு எண் நூற்றுப் பதினேழு!"

இப்போது யாரும் சிரிக்கவில்லை. நீதிபதியின் புருவம் நெரிந்தது. "என்ன இது? இன்னிக்கு வேலை இல்லைன்னு உங்களுக்குத் தெரியாதா?"

கணீரின் உதடு அசைந்தது.

"சத்தமாச் சொல்லுங்க."

"மூணு தடவை கூப்பிடணும்மா" என்றார். எண் இல்லாத சொந்த வார்த்தை. பாதி காற்றாகத்தான் வந்தது. "ஐயா வச்ச வழக்கம். ரெண்டுதான் ஆச்சு."

மூன்றாவது தடவையும் கூப்பிட்டார். பின்னாலிருந்து சலவைக்கடைக்காரம்மா, "இருக்கோங்க!" என்று கத்தினாள். கத்திவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

பிறகு கணீர் சொன்னார். கோர்வையாக வரவில்லை. ஜன்னல், நாற்காலி, இருபத்தாறில் நாலு, ரெண்டு நிமிஷம் போதும், முதல் கேஸைக் கூப்பிடு.

மைக் எழுந்துவிட்டார். "அம்மா, இதை எப்படி ஏத்துக்கிறது? எழுத்துல இருக்கா? கூட யாராவது இருந்தாங்களா? நாளைக்கு ஆளாளுக்கு, ஐயா என் காதுல சொன்னாருன்னு கிளம்பினா?"

"எழுத்துல இல்லைங்க" என்றார் கணீர். "நான் ஒருத்தன்தான் கேட்டேன். வேணும்னா கூண்டுல ஏறிச் சொல்றேன்."

யாரும் ஏறச் சொல்வதற்குள் ஏறிவிட்டார். ஆயிரக்கணக்கான பேரை அதில் ஏற்றியவர், தான் ஏறியது அன்றுதான். கைப்பிடிக் கட்டை, பயந்தவர்கள் பிடித்துப் பிடித்து வழவழப்பாகியிருந்தது; கீழேயிருந்து பார்க்க அது தெரியாது. இன்னொரு சிக்கலும் இருந்தது: சாட்சிக்கு உறுதிமொழி சொல்லிக் கொடுப்பது பெஞ்சு கிளார்க்கின் வேலை. அவர் ஒரு கணம் கீழே தன் காலி நாற்காலியைப் பார்த்தார். பிறகு தானே சொல்லிக் கொடுத்து, தானே திருப்பிச் சொன்னார். "நான் சொல்வதெல்லாம் உண்மை." சொல்லிக் கொடுத்தபோது கணீரென்றும், திருப்பிச் சொன்னபோது மெதுவாகவும் இருந்தது. சிரிக்கலாம் போலத்தான் இருந்தது. ஆனால் மைக்கே சிரிக்கவில்லை.

"ஐயா சொன்னது இதுதாம்மா. நான் சரின்னு சொல்லிட்டேன்."

நீதிபதி பேனாவை மேசைமேல் வைத்தார். பிறகு முன்வரிசையைப் பார்த்தார். "அம்மா, நீங்கதான் சொல்லணும். உங்களுக்கு வருத்தம்னா நான் இதை நடத்தமாட்டேன்."

ஐயாவின் மனைவி அவசரப்படவில்லை. கைப்பையை மடியிலிருந்து பெஞ்சில் வைத்தார்.

"எங்கப்பா செத்த அன்னிக்கு" என்றார், "காலையில காரியத்தை முடிச்சிட்டு மத்தியானம் ரெண்டு மணிக்குக் கோர்ட்டுக்கு வந்துட்டாரு இவரு. யாரோ ஒரு சாட்சி தூரத்திலேருந்து வந்திருக்காராம். நான் ஒரு மாசம் இவரோட பேசலை." பக்கத்தில் கைக்குட்டைக்காரர்கள் நெளிந்தார்கள். "எங்கப்பாவுக்கு இல்லாத லீவு இவருக்கு மட்டும் எதுக்கு? நடத்துங்க."

சொல்லிவிட்டு அப்போதுதான் அழுதார். கைக்குட்டைகளுக்கு வேலை வந்தது.

"விசிறியைப் போடுங்க" என்றார் நீதிபதி. "சாட்சியைக் கூப்பிடுங்க."

கம்பவுண்டரைக் கூண்டில் ஏற்றவில்லை. பெஞ்சோடு முன்னால் தூக்கிக்கொண்டு வந்தார்கள். சலவைக்கடைக்காரம்மாவின் வக்கீல் உயிலைக் காட்டிக் கேட்டதும், கையெழுத்து தன்னுடையதுதான் என்று கம்பவுண்டர் சொன்னார். ஐயா படத்துக்கு மாலை போட்ட மேசை ஒரு பக்கம், புகழுரைப் பதினாலு பக்கம் இன்னும் கையில் என்று மைக் குறுக்கு விசாரணைக்கு எழுந்தார். வாய்தா கேட்க வாயெடுத்து, தான் கொஞ்ச நேரத்துக்கு முன்னால் சொன்ன கல்யாணக் கதை நினைவு வந்தோ என்னவோ, மூடிக்கொண்டார்.

"ஒரு மாமியார், பெத்த பிள்ளையை விட்டுட்டு மருமகளுக்கு எழுதினாங்கன்னு சொல்றீங்க. நம்புற மாதிரியா இருக்கு பெரியவரே?"

கம்பவுண்டர் மூச்சைச் சேர்த்துக்கொண்டார். "ஆறு வருஷம்... ஊசி போட்டேன். ஒவ்வொரு தடவையும்... அந்தம்மா கையை... இந்தப் பொண்ணுதான் பிடிச்சுக்கிட்டு நிப்பா. உங்க கட்சிக்காரரை..." சுற்றும் முற்றும் பார்த்தார். "இன்னிக்குத்தான் பார்க்கிறேன். இதுல... யாருங்க அவரு?"

ஒரு மணிக்குச் சாட்சியம் முடிந்தது. தீர்ப்பு வர இன்னும் எத்தனை மாதமோ. உயில் நிற்குமோ விழுமோ, அது வேறு. கம்பவுண்டர் சொன்னது சொன்னதுதான், காகிதத்தில் ஏறிவிட்டது. அவர் வெள்ளிக்கிழமை நிம்மதியாக மகள் வீட்டுக்குப் போகலாம். இரண்டு ஜூனியர்களின் சினிமா டிக்கெட் வீணானது. மைக், தான் விட்டுக் கொடுத்ததால்தான் வழக்கு நடந்தது என்று சாயங்காலத்துக்குள் நாலு பேரிடம் சொல்லிவிட்டார்.

கணீர் டைரியோடு நீதிபதியின் அறைக்குப் போனார். புதன்கிழமைப் பக்கத்தை விரித்து, முந்தின நாள் தான் எழுதிய மூன்று வரியையும் அளவுகோல் வைத்து நேராக அடித்தார். முப்பத்தொரு வருஷத்தில் முதல் அடித்தல். கீழே எழுதினார்: 'மறைந்த முன்னாள் நீதிபதிக்கு இரங்கல், இரண்டு நிமிடம். பின் அலுவல் நடந்தது.' அடித்தலுக்குப் பக்கத்தில் நீதிபதி சுருக்கொப்பம் போட வேண்டும், அதுதான் விதி.

நீதிபதி கையெழுத்திடப் போனவர், அடிக்கப்பட்ட வரியைப் படித்தார். மையைப் பார்த்தார். நிமிர்ந்து அவரைப் பார்த்தார்.

"இதை எப்ப எழுதினீங்க?"

"நேத்தும்மா."

"நடக்கிறதுக்கு முன்னாடியேவா?"

கணீர் பதில் சொன்னார். உதடு அசைந்ததைப் பார்த்ததாகத்தான் நீதிபதியே பிறகு சொன்னார்.